எடுக்கும் கொழுப்பும் கெடுக்கும் கொழுப்பும்

தோலுக்கடியில் ஒரு குழாயை நுழைத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன், உலகில் அழகுக்காக மிக அதிகம் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் ஒன்று. சர்வதேச அழகியல் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைச் சங்கத்தின் கணக்கெடுப்புகளில் 2021 முதல் 2023 வரை அதற்கே முதலிடம். ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் முறை செய்யப்படும் இந்தச் சிகிச்சையை 2024-இல்தான் கண்ணிமை அறுவை முந்தியது. நம் பக்கத்தில் இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஏதாவது ஒரு மரணத்தை ஒட்டியே எழுகிறது. 2022 மே மாதம் பெங்களூரில் இளம் கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின் இறந்தது ஓர் உதாரணம். இப்படிப்பட்ட செய்தி வரும்போது ஒரு சாரார் அழகு மோகத்தைக் குறை சொல்வார்கள், இன்னொரு சாரார் மருத்துவமனையைக் குறை சொல்வார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இந்தச் சிகிச்சையின் வரலாற்றையும் அதைப் பற்றிய ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் வேறொரு காரணம் தெரிகிறது. உடலின் ஓரிடத்தில் திரண்டு நிற்கும் கொழுப்பைச் சீர் செய்து உருவத்தைத் திருத்துவதற்காக உருவான முறை இது. எடையைக் குறைக்கும் வழியாக இதை நினைக்கத் தொடங்கும்போதுதான் எடுக்கும் அளவு கூடுகிறது, ஆபத்தும் அதோடு கூடுகிறது. அப்படி அதிகம் எடுத்தும், எதிர்பார்த்த ஆரோக்கியம் கிடைப்பதில்லை.

தொடக்கமே ஒரு விபத்துதான். 1920களில் பாரிஸ் அறுவை மருத்துவர் சார்ல் துஜாரியே, ஒரு நடனக் கலைஞரின் கால்களை மெலிதாக்குவதற்காக, கருப்பையைச் சுரண்டப் பயன்படும் கூரிய கருவியைத் தோலுக்கடியில் செலுத்தி முழங்கால், கெண்டைக்கால் பகுதிக் கொழுப்பைச் சுரண்டினார். ரத்தநாளம் சேதமடைந்து கால் அழுகிப்போனது. கடைசியில் காலையே வெட்டி எடுக்க நேர்ந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் இந்த வழியில் போகப் பெரும்பாலான மருத்துவர்கள் துணியவில்லை. துஜாரியேவின் தோல்வியிலிருந்து மருத்துவம் கற்றது இது: கொழுப்பு தனியாக அள்ளி எடுக்கக்கூடிய பொருளல்ல. நார்த்திசுக்களால் ஆன சிறு சிறு அறைகளில் அது தங்கியிருக்கிறது. அந்த நார்த்திசுக்களின் ஊடாகத்தான் ரத்தநாளங்களும் நரம்புகளும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கூரான முனையை ஓட்டினால் கொழுப்போடு அவையும் அறுபடும். 1960களில் ஜெர்மனியின் ஷ்ருட்டே மறுபடியும் சுரண்டும் முறையை முயன்றபோதும் ரத்தக்கசிவும், தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்வதும் பெரும் தொல்லையாக இருந்தன.

1970களின் நடுவில் ரோம் நகரில் அர்பாத் ஃபிஷர், ஜார்ஜியோ ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் சுரண்டலோடு உறிஞ்சலைச் சேர்த்தார்கள். அவர்களுடைய குழாய்க்குள்ளும் சுழலும் கத்தி இருந்தது. கத்தியே இல்லாமல் செய்து காட்டியவர் பாரிஸைச் சேர்ந்த இவ்-ஜெரார் இலூஸ். 1977-இல் ஒரு பெண் தன் முதுகிலிருந்த கொழுப்புக் கட்டியைத் தழும்பு தெரியாமல் எடுக்கச் சொன்னபோது, முனை மழுங்கிய குழாயைச் சிறு துளை வழியே செலுத்திக் கட்டியை உறிஞ்சி எடுத்தார். மழுங்கிய முனைக்கு மென்மையான கொழுப்பு இடம் கொடுத்து உடைகிறது, உறுதியான நார்த்திசுவும் அதிலுள்ள நாளங்களும் பெரும்பாலும் விலகிக்கொள்கின்றன. மொத்தமாக வழித்தெடுக்காமல், இடையிடையே திசுவை விட்டுவைத்துச் சுரங்கம் சுரங்கமாக எடுத்தால் மேல்தோலுக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும். 1983-இல் அவர் 3000-க்கும் மேற்பட்ட சிகிச்சைகளின் அனுபவத்தை வெளியிட்டபோது இந்த முறை உலகெங்கும் பரவத் தொடங்கியிருந்தது. அந்தக் காலத்தில் இதற்கு இயல்பாகவே ஓர் எல்லை இருந்தது. திரவம் செலுத்தாமல் உறிஞ்சினால் வெளிவருவதில் கால் பங்கு முதல் ஏறத்தாழப் பாதிவரை ரத்தமாகவே இருக்கும். ஆகவே அதிகம் எடுக்க விரும்பினாலும் மருத்துவரால் எடுக்க முடியாது. எவ்வளவு எடுப்பது என்பதை ரத்த இழப்பே தீர்மானித்தது.

அந்த எல்லையை நீக்கியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன். 1987-இல் அவர் வெளியிட்ட முறையில், மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னும் ரத்தநாளங்களைச் சுருக்கும் அட்ரினலினும் மிக நீர்த்த அளவில் கலந்த உப்புநீரைக் கொழுப்புப் படலம் விம்மி இறுகும்வரை செலுத்துவார்கள். ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அட்ரினலினே நாளங்களைச் சுருக்கிவிடப் போதுமானது. உறிஞ்சி எடுப்பதில் ரத்தத்தின் பங்கு ஒரு சதவீத அளவுக்கு இறங்கியது. நோயாளியை முழுமயக்கத்தில் ஆழ்த்தவும் தேவையில்லாமல் போனது. கிளைனின் நோக்கம் சிகிச்சையைச் சிறியதாகவும் பாதுகாப்பாகவும் ஆக்குவது. விளைவு இரண்டு திசைகளில் போனது. சிறிய அளவில், விழித்திருக்கும் நோயாளிக்குச் செய்தவர்களின் கையில் அது உண்மையிலேயே பாதுகாப்பானது. ரத்தம் கொட்டாததால் இன்னும் ஒரு லிட்டர், இன்னும் ஓரிடம் என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனவர்களும் உண்டு. முழுமயக்கம் கொடுத்து, பல மணி நேரம், ஐந்து லிட்டருக்கும் மேல் எடுக்கும் சிகிச்சைகள் 1990களில் பெருகின. ரத்த இழப்பு விதித்திருந்த கட்டுப்பாடு போனபின் அதனிடத்தில் வேறு கட்டுப்பாடு எதுவும் உடனே வரவில்லை.

அளவு கூடும்போது உடலில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். செலுத்திய திரவம் முழுவதும் குழாய் வழியே திரும்பி வருவதில்லை. பெரும்பகுதி உள்ளேயே தங்கி மெல்ல மெல்ல ரத்தத்தில் சேர்கிறது. சில லிட்டர் என்றால் இதயமும் சிறுநீரகமும் சமாளித்துவிடும். அதற்கு மேல் போய், நரம்பு வழியாகவும் திரவம் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். லிடோகெய்னின் கணக்கும் இப்படித்தான். அட்ரினலினோடு சேர்த்துப் போடும்போது உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்சவரம்பு. மிக நீர்த்து, கொழுப்பில் செலுத்தினால் 35 மில்லிகிராம் வரை பாதுகாப்பு என்று கிளைன் 1990-இல் காட்டினார். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 2100 ஆகிறது. மருந்து கொழுப்பிலிருந்து மெதுவாகக் கசிவதால்தான் இது சாத்தியம். ஆனால் அதே காரணத்தால், ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடுவது மருந்தைச் செலுத்தி 10 முதல் 14 மணி நேரம் கழித்து. காலையில் செய்துகொண்டு மாலையில் டிஸ்சார்ஜ் ஆனவருக்கு அந்த நேரம் வரும்போது அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். லிடோகெய்னைச் சிதைப்பது கல்லீரலின் சில நொதிகள். பூஞ்சைத் தொற்றுக்கும் பாக்டீரியாத் தொற்றுக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள் அந்த நொதிகளை மந்தமாக்கக்கூடியவை. உதடு மரப்பது, காதில் இரைச்சல், குழறும் பேச்சு என்று தொடங்குவது வலிப்பிலும் இதயத் துடிப்பு நிற்பதிலும் முடியலாம். வாடிக்கையாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவர் கேட்பதும், நோயாளி மறைக்காமல் சொல்வதும் உயிரைக் காக்கும் காரியங்கள்.

மற்ற ஆபத்துகளை 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு தொகுத்துக் காட்டியது. கிரேசர், டி யோங் ஆகிய இருவரும் அழகியல் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களிடம் விசாரித்து, 1994 முதல் 1998 நடுப்பகுதி வரை நடந்த 4,96,245 சிகிச்சைகளில் 95 மரணங்களைக் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 5000 பேருக்கு ஒருவர். காரணங்களில் முதலிடம் ரத்தக்கட்டிக்கு. நீண்ட நேரம் அசையாமல் படுத்திருக்கும்போது காலின் ஆழ்நாளத்தில் உறையும் ரத்தம் பெயர்ந்து நுரையீரல் நாளத்தை அடைப்பது அது; மரணங்களில் ஏறக்குறையக் கால் பங்கு அதனால் நிகழ்ந்தது. அடுத்தது, குழாய் வயிற்றுச் சுவரைத் துளைத்துக் குடலையோ வேறு உள்ளுறுப்பையோ காயப்படுத்துவது. இது ஏறத்தாழ ஏழில் ஒரு மரணத்துக்குக் காரணம். தழும்பு, பழைய அறுவை, குடலிறக்கம் உள்ள வயிற்றில் இந்த ஆபத்து அதிகம். குடல் துளைபட்டால் முதல் நாள் தெரியும் வலியை வழக்கமான வலியென்று எண்ணி விட்டுவிடும் வாய்ப்பும் உண்டு. மயக்க மருந்து, நாளத்துக்குள் நுழையும் கொழுப்புத் துளிகள், கட்டுக்கடங்காத நோய்த்தொற்று, ரத்தப்போக்கு ஆகியவை அடுத்தடுத்து வந்தன. பல மரணங்கள் வீடு திரும்பிய முதல் இரவில் நிகழ்ந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அது கால் நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கு, இன்றைய கருவிகளும் பயிற்சியும் வேறு, ஒரு பழைய எண்ணைக் காட்டிப் பயமுறுத்தலாமா? மறுப்பில் பொருள் இருக்கிறது. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், லைப்போசக்‌ஷனை மட்டும் தனியாகச் செய்துகொண்டவர்களில் பெரிய சிக்கலுக்கு ஆளானவர்கள் 0.7 சதவீதம்தான். பழைய கணக்கிலேயே இன்னொரு பக்கமும் உண்டு. 2002-இல் தோல் அறுவை மருத்துவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 66,570 சிகிச்சைகளில் ஒரு மரணமும் இல்லை. 5000-க்கு ஒன்று என்ற விகிதம் அவர்களுக்கும் பொருந்தியிருந்தால் 13 பேர் இறந்திருக்க வேண்டும். இரண்டுமே மருத்துவர்கள் தாமாகச் சொன்ன விவரங்கள் என்பதால் இரண்டையும் கொஞ்சம் ஜாக்கிரதையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ள முடியாது. தோல் மருத்துவர்கள் செய்தது கிளைன் சொன்னபடி: குறைந்த அளவு, உள்ளூர் மரப்பு, வேறு அறுவையோடு சேர்க்காமல். 1998 முதல் 2000 வரையிலான இன்னொரு கணக்கெடுப்பு இதையே பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களிடம் பார்த்தது. லைப்போசக்‌ஷன் மட்டும் செய்தபோது 47,415-இல் ஒரு மரணம். அதோடு தொப்பைத் தோலை வெட்டித் தைக்கும் அறுவையையும் சேர்த்துச் செய்தபோது 3,281-இல் ஒன்று. மருத்துவர்களின் பிரிவும் கருவியும் மாறாமலே ஆபத்து ஏறத்தாழ 14 மடங்கு வேறுபடுகிறது. ஆகவே ‘லைப்போசக்‌ஷன் ஆபத்தா, இல்லையா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எவ்வளவு எடுத்தார்கள், எதோடு சேர்த்துச் செய்தார்கள் என்பதை விட்டுவிட்டுச் சொல்லும் எந்த ஒற்றை எண்ணும் ஏமாற்றக்கூடியது.

அளவுக்கு ஒரு வரம்பு கட்டும் முயற்சிகளும் நடந்தன. மொத்தம் ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் அது பெரிய அளவுச் சிகிச்சை, இரவு முழுவதும் கண்காணிப்பு வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டல். எல்லோருக்கும் ஒரே வரம்பு பொருந்தாது என்பதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. 4500-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்ததில், பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை எண்ணின் ஒவ்வோர் அலகுக்கும் 100 மில்லிலிட்டர் என்ற அளவைத் தாண்டும்போது சிக்கல்கள் கூடின. பி.எம்.ஐ. 25 உள்ளவருக்கு 2.5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்த கொழுப்பை வேறிடத்தில் செலுத்தும்போதும் எல்லை மீறுவதே ஆபத்தாகிறது. பிட்டத்தைப் பெரிதாக்கக் கொழுப்பு ஊசி போட்ட சிகிச்சைகளில் ஏறத்தாழ 3000-க்கு ஒரு மரணம் என்று 2017-இல் ஒரு கணக்கெடுப்பு மதிப்பிட்டது. தோலடிப் படலத்தைத் தாண்டித் தசைக்குள் போன கொழுப்பு பெரிய நாளங்களில் நுழைந்து நுரையீரலை அடைத்ததே காரணம். தசைக்குள் செலுத்தக் கூடாது என்று மறு ஆண்டே பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் கூட்டாக எச்சரித்தன.

அப்படியானால் அளவு ஏன் கூடுகிறது? உருவத்தைத் திருத்த அரை லிட்டரும் ஒரு லிட்டரும் பல இடங்களில் போதும். எட்டு லிட்டர், பத்து லிட்டர் என்ற ஆசை வருவது, எடுக்கும் ஒவ்வொரு லிட்டரும் உடல்நலத்துக்கு லாபம் என்ற நம்பிக்கையால்தான். உடற்பருமன் நோய்க்குக் காரணம், கொழுப்பே பருமன், ஆகவே கொழுப்பை எடுத்தால் நோய் போகும் என்ற தர்க்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதிலுள்ள ஓட்டை, கொழுப்பை ஒரே சரக்காக நினைப்பது. விரலால் பிடித்துப் பார்க்கக்கூடிய கொழுப்பு தோலுக்கும் தசைக்கும் நடுவே இருப்பது. மிஞ்சிய ஆற்றலைச் சேமிப்பதே அதன் வேலை. பெருமளவுக்கு அது சாது. தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேரும் கொழுப்பு அப்படியல்ல. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பமிலங்களும் அழற்சிப் பொருள்களும் ரத்தத்தோடு நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதோடும், நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றோடும் நெருங்கிய தொடர்புடையது இதுவே. லைப்போசக்‌ஷன் குழாய் வேலை செய்ய வேண்டிய இடம் தசைச் சுவருக்கு வெளியே. உள்ளே இருக்கும் கொழுப்பை அது தொடுகிறது என்றால் வயிற்றுச் சுவர் துளைபட்டுவிட்டது என்று பொருள். கெடுக்கும் கொழுப்பு இருப்பது, குழாய் போகவே கூடாத இடத்தில். சமையலறையில் எரிவாயு கசியும்போது திண்ணையிலிருக்கும் மூட்டைகளை அப்புறப்படுத்திவிட்டு வீடு பத்திரம் என்று சொல்வது போலத்தான் இது.

இது வெறும் தர்க்கமல்ல, சோதித்துப் பார்த்த விஷயம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் கிளைன் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பருமன் உள்ள 15 பெண்களின் வயிற்றுப் பகுதியிலிருந்து சராசரியாகப் பத்து கிலோவை ஒட்டிய கொழுப்பு எடுக்கப்பட்டது. அவர்களில் 7 பேருக்கு நீரிழிவு இருந்தது. பத்துப் பன்னிரண்டு வாரங்கள் கழித்துச் சோதித்தார்கள். தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குக் கீழ்ப்படியும் விதம் மாறவில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பமைப்பு, அழற்சிக் குறியீடுகள் எவையும் மாறவில்லை. உணவையும் உடற்பயிற்சியையும் கொண்டு இதைவிடக் குறைந்த எடையை இழந்தாலே இந்த எண்களெல்லாம் இறங்குவது வழக்கம். காரணம், பட்டினி போட்டால் உடல் எல்லா இடத்துக் கொழுப்பிலிருந்தும் எடுத்துச் செலவழிக்கிறது. கல்லீரலும் காலியாகிறது, ஒவ்வொரு கொழுப்புச் செல்லும் சுருங்குகிறது. குழாயோ ஓரிடத்திலுள்ள செல்களை அப்புறப்படுத்துகிறது, மற்றவை பழையபடியே பருத்து நிற்கின்றன. இதற்கு மாறாக, லைப்போசக்‌ஷனுக்குப் பின் இன்சுலின் செயல்பாடு ஓரளவு மேம்பட்டதாகச் சொன்ன சில சிறிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதே வேளையில் உணவையும் மாற்றிக்கொண்டால் எதனால் பயன் என்று பிரிப்பது கடினம். எடையை நிலையாக வைத்து, உறுப்புவாரியாக அளந்த ஆய்வு தரும் விடையே எனக்கு வலுவாகப் படுகிறது.

எடுத்த கொழுப்பு எடுத்தபடி இருக்குமா என்பது அடுத்த கேள்வி. 2008-இல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 மனிதக் கொழுப்புச் செல்களில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து அவற்றின் வயதைக் கணித்தது. ஆண்டுக்குப் பத்தில் ஒன்று இறந்து புதியது பிறக்கிறது. ஆனால் வயது வந்த பிறகு மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ மாறுவதில்லை. உடல் தன் கொழுப்பிருப்பைக் கணக்கு வைத்துக் காப்பாற்றுகிறது என்ற சந்தேகத்துக்கு இது இடம் தந்தது. 2011-இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பருமனில்லாத 32 பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் லைப்போசக்‌ஷன் செய்து ஓராண்டு கவனித்தார்கள். ஆறு வாரத்தில் குறைந்திருந்த கொழுப்பு ஓராண்டில் திரும்பிவிட்டது. தொடை மெலிந்தே இருக்க, வயிற்றுப் பகுதியில் அது சேர்ந்திருந்தது. மறு ஆண்டு சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. வயிற்றில் லைப்போசக்‌ஷன் செய்துகொண்ட 36 பெண்களில், உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு ஆறு மாதத்தில் உள்ளுறுப்புக் கொழுப்பு சுமார் பத்து சதவீதம் கூடியிருந்தது. பயிற்சி செய்தவர்களுக்குக் கூடவில்லை. இவை சிறிய ஆய்வுகள், பெண்களிடம் மட்டும் செய்யப்பட்டவை. எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று விதி எழுத முடியாது. ஆனால் அறுவைக்குப் பின் பயிற்சி அவசியம் என்று சொல்ல இவை போதும். பயிற்சி செய்யும் மனமும் நேரமும் உள்ளவருக்கு, எடைக்காக அறுவை எதற்கு என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

இந்தியர்களுக்கு இந்த விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். 2004-இல் லான்செட் இதழில் புணேவின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே போட்டு ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள் சேரும் போக்கு அதிகம். சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2023 முடிவுகளின்படி, பத்து கோடிப் பேருக்கு நீரிழிவு. வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம், பி.எம்.ஐ. கணக்கில் பருமன் உள்ளவர்களோ 28.6 சதவீதம்தான். அதாவது தராசு காட்டிக்கொடுக்காத தொப்பை இங்கே நிறைய உண்டு. இந்தத் தொப்பையில் ஒரு பகுதி தோலடிக் கொழுப்பு, பெரும் கவலைக்குரிய பகுதி உள்ளே இருப்பது. வெளியிலிருப்பதை எடுத்து இடுப்பளவு குறைந்துவிட்டால், ஆபத்தை அறிவிக்கும் ஒரே வெளி அடையாளமும் போய்விடுகிறது. சர்க்கரை அப்படியே இருக்க, பேண்ட் மட்டும் தளர்ந்துவிடும். மருந்து, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு ஆகியவற்றைத் தள்ளிப்போட இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

இவ்வளவு சொன்னதால் லைப்போசக்‌ஷனே வேண்டாம் என்பது என் வாதம் என்று கொள்ளக் கூடாது. கால்களில் சமச்சீராக, வலியோடு கொழுப்பு சேரும் லிபிடீமா என்ற நோயில் உணவுக் கட்டுப்பாடு அந்தக் கொழுப்பை எளிதில் கரைப்பதில்லை. உறிஞ்சி எடுப்பது வலியையும் நடக்கும் சிரமத்தையும் குறைக்கிறது. ஜெர்மனியில் 2020 முதல் முற்றிய லிபிடீமாவுக்கு அரசுச் சுகாதாரக் காப்பீடே இதற்குப் பணம் தருகிறது. ஆண்களின் மார்பு பெருத்தல், பெரிய கொழுப்புக் கட்டி போன்றவற்றிலும் இதற்கு இடம் உண்டு. நோயில்லாதவர் தன் உருவத்தைத் திருத்திக்கொள்ள விரும்பினால் அதை மோகம் என்று இகழ்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. பல் வரிசையைச் சீராக்கக் கம்பி போட்டுக்கொள்வதை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். இதை மட்டும் ஒழுக்கக்கேடாகப் பார்க்க நியாயமில்லை. அவரவர் உடல், அவரவர் முடிவு என்ற வாதம் சரியானதே. ஆனால் அந்த முடிவு முடிவாக இருக்க வேண்டுமானால் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். ‘ஒரே நாளில் பத்து கிலோ’ என்ற விளம்பரத்தை நம்பிக் கையெழுத்திடுபவர் ஏற்றுக்கொள்ளும் ஆபத்து, உருவத் திருத்தத்துக்கு ஒப்புக்கொள்பவர் ஏற்கும் ஆபத்தைவிடப் பெரியது. அவருக்குக் கிடைக்கப்போகும் ஆரோக்கியப் பலனோ அநேகமாக ஒன்றுமில்லை. இரண்டு சிகிச்சைகளையும் ஒரே பெயரில் விற்பதால் முதலாமவருக்கு இது தெரியாமலே போகிறது. அழகு மோகத்தைத் திட்டுவதாலும் பலனில்லை. வெட்கப்படுத்தப்பட்டவர் ரகசியமாகப் போவார், சாப்பிடும் மாத்திரையை மறைப்பார், அன்றிரவு துணைக்கு ஆளின்றித் தனியே படுத்திருப்பார். இந்தச் சிகிச்சையில் மிகவும் ஆபத்தான நடத்தைகள் இவைதான்.

ஆகவே முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, எதற்காகச் செய்கிறோம் என்பது. எடையோ சர்க்கரையோ ரத்த அழுத்தமோ குறைய வேண்டும் என்றால் இது அதற்கான வழியல்ல. உணவும் நடையும் முதல் வழி. தேவைப்பட்டால் இப்போது இந்தியாவிலும் கிடைக்கும் எடை குறைப்பு மருந்துகளும், இரைப்பையைச் சிறிதாக்கும் பேரியாட்ரிக் அறுவையும் உண்டு. அவற்றுக்கும் தத்தம் ஆபத்துகள் இருக்கின்றன, ஆனால் அவை உள்ளிருக்கும் கொழுப்பை உண்மையிலேயே குறைப்பவை. உருவத்தில் ஓரிடத்தைத் திருத்துவதுதான் நோக்கம் என்றால், மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவை: மொத்தம் எத்தனை லிட்டர் எடுப்பீர்கள்? லிடோகெய்ன் என் எடைக்குக் கிலோவுக்கு எவ்வளவு? வேறு அறுவையைச் சேர்த்துச் செய்கிறீர்களா? முழுமயக்கம் என்றால் மயக்கவியல் மருத்துவர் கடைசிவரை இருப்பாரா? ரத்தக்கட்டியைத் தடுக்க என்ன ஏற்பாடு? இரவு மூச்சுத் திணறினாலோ வயிறு வலித்தாலோ யாரை அழைப்பது, எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது? இவற்றுக்கு எண்ணோடும் பெயரோடும் பதில் சொல்லும் மருத்துவர், கேட்பவர் விரும்புவதைவிடக் குறைவாகத்தான் எடுக்கச் சொல்வார். ‘கொஞ்சம்தான் எடுக்க முடியும்’ என்பவரை விட்டுவிட்டு ‘முழுவதும் எடுத்துவிடலாம்’ என்பவரிடம் போவது நம் வழக்கம். கிடைத்திருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், முதலாமவரைத்தான் நம்ப வேண்டும்.